கப்பலோடு கரையையும் விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எடுத்த புகைப்படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அண்மையில் கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் எடுக்கப்பட்ட சரக்குக் கப்பல் படம் ஒன்று வெளிவந்திருந்தது. கப்பல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் முன்னால் இருந்திருக்க வேண்டிய படித்துறையும் பின்னால் இருந்திருக்க வேண்டிய எதிர்க்கரையும் வெட்டப்பட்டிருந்ததால், அது ஹூக்ளியா, நடுக்கடலா என்று சொல்ல முடியவில்லை. படம் எடுத்தவரே அப்படி எடுத்தாரா, பக்கம் அமைக்கும்போது இடத்துக்காக வெட்டப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது. எதுவாயினும், அந்த ஆற்றங்கரையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேமராவோடு நடந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கொல்கத்தாவின் ஆற்றங்கரைப் பகுதியான கார்டன் ரீச்சில் உள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமையகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். காவிரிக்கரையில் பிறந்த எனக்கு, ஆற்று நீர் கடலை விட்டு மேல்நோக்கி ஓடுவதைக் கண்ட முதல் நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. காலையில் வடக்கே மிதந்துபோன ஆகாயத்தாமரைக் கூட்டங்கள் பிற்பகலில் தெற்கே திரும்பி வந்துகொண்டிருந்தன. கொல்கத்தாத் துறைமுகம் கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும், கடலின் ஏற்றமும் வற்றமும் அதையும் தாண்டிச் செல்கின்றன. இந்த ஆற்றில் படம் எடுக்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, ஏற்றமும் வற்றமும் வரும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையை. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொன்றும் அடுத்த நாள் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். ஆகவே இன்று காலை ஆறு மணிக்குப் படிகளை மூடி நிற்கும் நீர், அடுத்த வாரம் அதே ஆறு மணிக்கு வற்றி, கரையெல்லாம் சேறாகக் கிடக்கும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஆனால் முற்றிலும் வேறு படம்.

கப்பல்கள் நகர்வதும் இந்தக் கணக்கின்படிதான். வண்டல் படிந்து ஆழம் குறைந்த ஆறு என்பதால், உள்ளே வரும் கப்பல்கள் ஏற்றத்தின் மீதே ஏறி வருகின்றன. கிதிர்ப்பூர் கப்பல்துறையின் நீர்க்கதவுகளைக் கடந்து செல்வதும் நீர் உயர்ந்திருக்கும் நேரத்தை ஒட்டியே நடக்கும். ஓடும் கப்பல் வேண்டுமென்றால் நிறைந்த நீரில் செல்ல வேண்டும். கரை வேண்டுமென்றால் வற்றத்தில் செல்ல வேண்டும். இன்னும் சற்றுத் தெற்கே, ஆறு அகன்று கிடக்கும் டைமண்ட் ஹார்பரில், நங்கூரமிட்ட கப்பல்கள் நீரோட்டத்தை எதிர்த்தே முகம் காட்டி நிற்கும். வற்றத்தின்போது வடக்கே பார்த்து நிற்கும் கப்பல், ஏற்றம் தொடங்கியதும் மெல்லச் சுழன்று கடலைப் பார்த்துத் திரும்பும். அந்தத் திருப்பத்தின் நடுவில், கப்பல் தன் முழு நீளத்தையும் கரையில் நிற்பவருக்குக் காட்டும் சில நிமிடங்கள் உண்டு. அதற்காக நான் அரை நாள் காத்திருந்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு ஒருமுறைகூட வீணானதில்லை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, பிரின்செப் படித்துறையில் நிற்பவருக்குச் சூரியன் ஹௌரா பக்கம், ஆற்றுக்கு அப்பால் இறங்குகிறது. மாலையில் அங்கே கப்பலும் படகும் நிழலுருவாகவே விழும். 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தின் கம்பிகளோடு சேர்ந்து அதுவும் அழகுதான். கப்பலின் நிறமும் துருவும் பெயரும் தெரிய வேண்டுமானால் காலையில் செல்ல வேண்டும். அல்லது ஆறு மேற்கே திரும்பும் கார்டன் ரீச்சுக்கு வர வேண்டும். அங்கே நாம் வடக்கே பார்த்து நிற்பதால், குளிர்காலச் சூரியன் பெரும்பாலான நேரம் முதுகுப் பக்கமே இருக்கும்.

என்னிடம் உள்ள படங்களில் நான் மிகவும் மதிப்பது, பெரிய கப்பல் எதுவுமே இல்லாத ஒன்று. அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றிக்கொண்டு வங்கதேசம் செல்லும் சிறு சரக்குக் கலம் அது. சுமையின் பாரத்தில் அதன் மேல்தளம் தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. பின்பக்க அறையை ஒட்டிக் கட்டிய கயிற்றில் இரண்டு லுங்கிகளும் ஒரு சிவப்புத் துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. முன்னால், வற்றத்தில் வெளிப்பட்ட படித்துறையின் கீழ்ப்படிகள். அவற்றின் மேல் விரலளவு வண்டல், அதில் யாரோ குளித்துவிட்டு ஏறிப்போன ஈரக் காலடிகள். அந்தக் காலடிகளை வெட்டிவிட்டுப் பாருங்கள்: எஞ்சுவது தண்ணீரில் அமிழ்ந்து போகும் ஓர் இரும்புத் தகடு. படிகளின் பக்கச் சுவரில் பாசி பிடித்த கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு நீர் சில மணி நேரத்தில் ஏறும் என்பதையும் அந்தப் படம் சொல்லிவிடுகிறது.

எதிர்க்கரை சரிந்து தெரியாமல் பார்த்துக்கொள்வது, கப்பல் செல்லும் திசையில் கொஞ்சம் வெற்று நீரை விட்டுவைப்பது போன்றவை பலரும் அறிந்தவையே. தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒன்று: அது தொலைவைச் சுருக்கி, ஆற்று நடுவில் செல்லும் கப்பலை எதிர்க்கரைப் புகைபோக்கியில் மோதவிருப்பதுபோல் காட்டும். புகைபோக்கி கப்பலுக்குப் பின்னால் விழாதபடி இடம் மாறி நின்றால் தீரும் குறை அது.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஹூக்ளியில் ‘பான்’ என்று வங்காளிகள் அழைக்கும் ஓத அலை, சுவர்போல எழுந்து மேல்நோக்கி வருவதுண்டு. ஆழம் குறைந்த கரையோரத்தில்தான் அது உடைந்து சீறும் என்பதால், படகோட்டிகள் முன்கூட்டியே படகுகளை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கரையோரப் படகுகள் திடீரென்று விலகிச் செல்வதைக் கண்டால், கேமராவை எடுத்துக்கொண்டு உடனே மேல்படிக்கு ஏறிவிட வேண்டும். சேற்றில் இறங்கி நின்று படம் எடுப்பதை எந்த நாளிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இத்தகைய படங்களை வெளியிடும்போது, இடம் குறைவாக இருந்தால் படத்தைச் சிறிதாக்குங்கள். கரையை வெட்ட வேண்டாம். படத்தின் கீழே எடுத்தவர் பெயரோடு, எடுத்த இடம், நேரம், அப்போது ஏற்றமா வற்றமா என்பதையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். அனுப்புபவர்களிடம் அதைக் கேட்டுப் பெறுவதும் கடினமாக இராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.