காட்சிப் பொருளுக்கு யார் படியளப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் ஜப்பான் கட்டுரையில் 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானியப் போர்த்தலைவர் நோபுநாகாவிடம் இருந்த யாசுகேவை 'நோபுநாகா காட்சிப் பொருளாக வளர்த்த கறுப்பு அடிமை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். அதற்கப்புறம் எனக்குக் காபி இறங்கவில்லை.

1579-ல் இயேசு சபைப் பாதிரியார் வலிஞானோவோடு ஜப்பானில் வந்து இறங்கிய ஆப்பிரிக்கர் அவர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1581-ல் கியோட்டோவில் அவரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததும், மை பூசியிருக்கிறார்களோ என்று நோபுநாகா அவர் உடம்பைத் தேய்க்கச் சொன்னதும் உண்மைதான். அந்த ஒரு நாள் காட்சிப் பொருள், சரி. மற்ற நாட்கள்? நோபுநாகாவின் வரலாற்றை எழுதிய ஓட்டா கியூய்ச்சியின் ஏட்டுப் பிரதி ஒன்றில், அவருக்குப் படியும் குறுவாளும் வீடும் கொடுத்த செய்தி இருக்கிறது. அக்காலச் சாமுராய் மட்சுதைரா இயேதாதா 1582-ல் தன் நாட்குறிப்பில் அவர் பெயரையும் உயரத்தையும் (சுமார் 188 செ.மீ.) குறித்துவிட்டு, பாதிரிகள் கொடுத்த ஆள் என்கிறார். கட்டுரையாளர் அதை மட்டும் பிடித்துக்கொண்டார் போல. நோபுநாகா படியளந்தார் என்பதும் அதே குறிப்பில்தான் இருக்கிறது! அவர் சாமுராயா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

1582 ஜூனில் நோபுநாகாவின் தளபதி அகேச்சி மிட்சுஹிதே துரோகம் செய்து, அவர் தங்கியிருந்த கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலை வளைத்தார். நோபுநாகா இறந்த பிறகும் யாசுகே ஓடிவிடவில்லை. நோபுநாகாவின் மகன் நோபுதாதாவிடம் போய் வெகுநேரம் போரிட்டார். கடைசியில் வாளைக் கொடுத்தவரை என்ன செய்வது என்று கேட்டபோது, 'இவன் ஒன்றும் அறியாத விலங்கு, ஜப்பானியனும் இல்லை, இந்தியப் பாதிரிகளின் கோயிலில் விடுங்கள்' என்றாராம் அகேச்சி. (இந்தியா வழியாக வந்த கிறிஸ்தவப் பாதிரிகளைத்தான் அப்படிச் சொன்னார்.) துரோகி சொன்னதை 440 வருடம் கழித்து வழிமொழிய உங்கள் இதழில் ஒருவர் கிடைத்திருக்கிறார். வாழ்த்துகள்.

நான் நகோயாவில் 11 வருடம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். போன முதல் வாரம், பொதுக் குளியலறையில் ஒரு பெரியவர் என் முழங்கையைத் தேய்த்துப் பார்த்தார். கூசிப்போனேன். பிறகு அதே பெரியவர்தான் பேரனின் பள்ளி விழாவுக்கு என்னைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். அந்த முதல் வாரத்தை மட்டும் அச்சடித்து 'இவன் கதை இவ்வளவுதான்' என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

இது முதல் தடவையும் இல்லை. 1600-ல் ஜப்பான் வந்த மாலுமி வில்லியம் ஆடம்ஸை டச்சுக்காரர் ஆக்கினீர்கள். அவர் வந்த கப்பல்தான் டச்சுக் கப்பல். அவர் ஜில்லிங்ஹாமில் பிறந்த ஆங்கிலேயர். எழுதினேன், பதில் இல்லை. அதற்கு முன்பு, இன்றைய ஹொன்னோஜியின் படத்தைப் போட்டு 'நோபுநாகா இறந்த இடம்' என்றீர்கள். கோயிலை நோபுநாகாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஹிதேயோஷி இடம் மாற்றி எத்தனை காலம் ஆகிறது! பழைய இடத்தில் தெருவோரமாக ஓர் அடையாளக் கல்தான் நிற்கிறது. நானே போய் எடுத்த 2 படங்களை உங்களுக்கு அனுப்பியும் வைத்தேன்.

திருத்தம் வெளியிடுங்கள் என்று கேட்டுப் பயனில்லை, சினிமாப் பக்கத்துக்கே இடம் போதவில்லை உங்களுக்கு. அந்த 2 படங்களையாவது திருப்பி அனுப்புங்கள். என்னிடம் வேறு பிரதி இல்லை. முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் அப்போதே உள்ளே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகன்