யூரியாவும் ‘கரிம’ வேளாண்மையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வேளாண் இணைப்பில் உரங்களைப் பற்றி வந்த கட்டுரையின் இரண்டாம் பத்தியில், “யூரியா கரிமப் பொருள் அல்ல; ஆகவேதான் கரிம வேளாண்மையில் அதற்கு இடமில்லை” என்று ஒரு வாக்கியம் இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வாக்கியத்தைப் படித்த பிறகு மற்ற பக்கங்களைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

யூரியா கரிமச் சேர்மம்தான், அதாவது கார்பன் அடங்கிய சேர்மம்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. கரிம வேதியியல் என்ற பாடத்தின் வரலாறு திரும்பிய இடமே யூரியாதான். உயிருள்ள உடலில் உண்டாகும் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாது, அதற்கு ஓர் ‘உயிர்விசை’ வேண்டும் என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், 1828-இல் பெர்லினில் வேதியியலாளர் பிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்க முயன்றபோது அவருக்குக் கிடைத்தவை யூரியாப் படிகங்கள். சிறுநீரில் இருக்கும் அதே பொருளை மனிதனும் இல்லாமல் நாயும் இல்லாமல், சிறுநீரகமே இல்லாமல் தம்மால் செய்ய முடிகிறது என்று தம் ஆசான் பெர்சீலியசுக்கு அவர் கடிதம் எழுதினார். பதினோராம் வகுப்பில் கரிம வேதியியல் தொடங்கும் நாளில் யூரியாவின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் பலர் இன்றும் தங்கள் நாளிதழை வாங்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்த வாக்கியத்தைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

அப்படியானால் யூரியாவை ஏன் இயற்கை விவசாயத்தில் சேர்ப்பதில்லை என்ற கேள்விக்கு, கட்டுரையாளர் விரும்பியிருந்தால் நேரான விடையைத் தந்திருக்கலாம். தொழிற்சாலையில் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனையும் காற்றிலிருந்து நைட்ரஜனையும் எடுத்து அம்மோனியாவாக்கி, அதனோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக் கடும் அழுத்தத்தில் செய்வது யூரியா. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். என் தம்பி வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில், வாயில் துணி கட்டிய மண்பானையில் பஞ்சகவ்யம் ஊறிக்கொண்டிருக்கிறது. அதில் ஊற்றும் கோமியத்திலும் யூரியா இருக்கிறது. மூட்டையில் வரும் யூரியாவின் மூலக்கூறுக்கும் அதன் மூலக்கூறுக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை. ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்குவது, அது எங்கிருந்து வருகிறது, மண்ணுக்குள் வாழும் உயிர்களை என்ன செய்கிறது என்று பார்க்கும் வேளாண் நெறி. கார்பன் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. கார்பனே இல்லாத கந்தகத் தூளும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையும் கட்டுப்பாட்டோடு இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்படுகின்றன என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருந்தால் அந்த ‘ஆகவேதான்’ அவர் பேனாவிலிருந்து வந்திருக்காது.

‘ஆர்கானிக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் ‘கருவி’ என்ற பொருளுடையது. உடலின் உறுப்பும் ஒரு கருவிதானே என்று அது உறுப்பைக் குறிக்க வந்தது. நம் சைவ நூல்கள் ‘கருவி கரணங்கள்’ என்று சொல்லும் அதே பார்வைதான். உறுப்பிலிருந்து உயிருடலுக்கும், உயிருடலிலிருந்து கார்பன் சேர்மத்துக்கும் வேதியியலில் அந்தச் சொல் நகர்ந்தது. வேளாண்மைக்கு அது வந்த வழியே வேறு. இந்தூரில் நம் விவசாயிகளிடம் கற்றுக்கொண்டும் ஆய்ந்தும் மட்கு உரம் செய்யும் முறையை ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் வகுத்தார். அதன் பின்னர் 1940-இல் இங்கிலாந்தில் நார்த்போர்ன் பிரபு, பண்ணை முழுவதும் ஓர் உயிருடல் போன்றது, அதன் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்ற பொருளில் அந்தச் சொல்லை ஆண்டார். ஆங்கிலத்துக்கு இத்தனைக்கும் ஒரே சொல்தான். நமக்கோ கரிம வேதியியல் இருக்கிறது, இயற்கை வேளாண்மை இருக்கிறது, மருத்துவத்துக்கு உறுப்பு சார்ந்த என்ற தொடர் இருக்கிறது. தனித்தனியாக இருப்பவற்றை எடுத்து மறுபடியும் ஒரே பானைக்குள் கொட்டுவது ஏன் என்றுதான் கேட்கிறேன். இலங்கையில் பள்ளிப் பாடத்தில் ‘சேதன இரசாயனம்’, வயலில் ‘சேதனப் பசளை’ என்று ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குகிறது. 2021-இல் அங்கே இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது, வகுப்பில் சேதனச் சேர்வையாக இருந்த யூரியா வயலில் சேதனமல்லாததாயிற்று. நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தாங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் வேளாண் பக்கத்தில், மேலே ‘கரிம வேளாண்மை’ என்று ஒரு கட்டுரையும், அதே பக்கத்தின் கீழே ‘கரிம பாஸ்பரஸ்’ வகைப் பூச்சிமருந்தைப் பற்றி ஒரு குறிப்பும் வந்தன. அந்த வகை மருந்துகள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சுகள். எங்கள் பக்கத்து வயல்காரர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, முகத்தில் துணிகூடக் கட்டாமல், சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடித்தார். நான் சென்றபோது வாயில் எச்சில் வழிய, வியர்வையில் நனைந்து, வரப்பில் உட்கார்ந்திருந்தார். கண்மணிகள் ஊசிமுனையளவுக்குச் சுருங்கியிருந்தன. அரசு மருத்துவமனையில் அட்ரோபின் செலுத்திக் காப்பாற்றினார்கள். மூன்றாம் நாள் அவர் என்னிடம் சொன்னது: “கரிமம்னு போட்டிருந்துச்சு சார். இயற்கை மருந்துதானேன்னு அடிச்சேன்.” அன்றே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவும் இல்லை, பதிலும் வரவில்லை.

அதற்கும் முன்பு, தங்கள் மருத்துவப் பக்கத்தில் தலைவலியைப் பற்றி வந்த கட்டுரையில் ‘ஆர்கானிக் காரணம் இல்லை’ என்பதை ‘இயற்கையான காரணம் எதுவும் இல்லை’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். உறுப்பில் கட்டியோ வீக்கமோ சிதைவோ காணப்படவில்லை என்பதுதான் மருத்துவர்கள் அப்படிச் சொல்வதன் பொருள். என் தங்கைக்கு அப்போது தீராத தலைவலி. அவளுடைய ஸ்கேன் அறிக்கையிலும் அதே ஆங்கிலச் சொல் இருந்தது. தங்கள் பக்கத்தை வைத்துக்கொண்டு அவள் மாமியார் அதற்குப் பொருள் கண்டார். இயற்கையான காரணம் இல்லை என்றால் நம் ஊரில் மிச்சமிருக்கும் காரணம் எது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மாதம் செய்வினை எடுப்பவரிடம் அலைந்தார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போனது. இதற்கெல்லாம் தங்கள் நாளிதழே முழுப் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மடித்து அவள் கைப்பையில் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வணிகப் பக்கத்தில் ஒரு நிறுவனம் வேறு நிறுவனங்களை வாங்காமல் தன் சொந்த வியாபாரத்தால் வளர்ந்ததை ‘இயற்கை வளர்ச்சி’ என்று எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ‘ஆர்கானிக் உப்பு’ விளம்பரம் அரைப்பக்கம் வந்தபோது வேதனைப்பட்டேன். உப்பளத்தில் உப்பு ‘விளைகிறது’ என்று நாம் சொல்வது உண்மைதான். அதற்காகச் சோடியம் குளோரைடு ஒரு பயிராகிவிடாது. அது வேதியியல் பொருளிலும் கரிமம் அல்ல, இரசாயன உரமிடாமல் வளர்த்த விளைச்சலும் அல்ல. அந்தச் சொல்லுக்காக ஏழை எளியவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

என் தம்பி தன் 6 மா நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறான். சான்று பெற விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறைக்கு விண்ணப்பித்து, ஆண்டுப் பயிர்களுக்கு உரிய இரண்டு ஆண்டு மாற்றுக் காலத்தில் இப்போது இருக்கிறான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பேசக் கேட்டு இதற்கு வந்தவன் அவன். ‘இயற்கை வழி’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது எந்த விவசாயிக்கும் அகராதி தேவைப்படவில்லை. தங்கள் இணைப்பைப் படித்துவிட்டு என் தம்பி என்னிடம் கேட்டான்: “அண்ணே, அங்ககம், கரிமம், ஆர்கானிக், இது மூணும் வேற வேற விவசாயமா? நான் எதுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்?” ஒரே இணைப்பில் மூன்று கட்டுரைகளில் மூன்று சொற்கள் இருந்தன. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த வேளாண் இணைப்பில், யூரியா ஒரு கரிமச் சேர்மம் என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டும். வயலைப் பற்றி எழுதும்போது இயற்கை வேளாண்மை என்றும், சான்றிதழைப் பற்றி எழுதும்போது துறையின் சொல்லான அங்ககம் என்றும், கரிமம் என்பதை வேதியியலுக்கு மட்டும் என்றும் தங்கள் உதவி ஆசிரியர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ‘கரிம பாஸ்பரஸ்’ என்று எழுத நேரும்போதெல்லாம் பக்கத்திலேயே ‘நஞ்சு’ என்ற சொல்லையும் அச்சிட வேண்டும். திருத்தம் வந்ததும் அதை வெட்டி எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையின் கதவில் ஒட்டுவதாகப் பக்கத்து வயல்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.