நாற்காலி அங்கேயேதான் இருக்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை மாலை நம் மருந்துக் கடையில் நடந்ததை யாரோ போனில் படம் பிடித்து, "குடிகாரனுக்கு ராஜ உபசாரம், மருந்து வாங்க வந்தவர்கள் தெருவில்" என்று எழுதி வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

காக்க வைத்தது உண்மை. 20 நிமிடத்துக்கு மேல் கவுன்டரில் ஒரே ஆள்தான் இருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் 'குடிகாரன்' என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் குடித்திருக்கவில்லை. வாய் குழறியது, கால் தள்ளாடியது, சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். எல்லாம் சரி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனாலும் ஆள் இப்படியேதான் இருப்பார். (குடித்தே வந்திருந்தாலும் விழப்போகிறவருக்கு நாற்காலி கொடுக்கத்தான் வேண்டும், அது வேறு விஷயம்.) கூட்ட நேரம் என்பதால் நாங்களும் முதலில் வெளியே போகச் சொல்லிவிட்டோம். அப்புறம் நம் பில் போடும் பெண்தான் அவர் சட்டைப் பையில் இருந்த இன்சுலின் பேனாவை (சர்க்கரை நோயாளிகள் ஊசி போட்டுக்கொள்வது) கவனித்தார்.

அவரிடம் கேட்டுக்கொண்டு விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். 48. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவுதான். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். விழுங்கும் நிலையில் இருந்ததால்தான் கொடுத்தோம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். கொடுத்தபின் 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். படத்தில் நாங்கள் 'சும்மா நிற்பது' அந்த 15 நிமிடம்தான்! இரண்டாவது தடவை 83 வந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி: "நான் யாரையாவது திட்டிட்டேனாம்மா?"

"இல்லைங்க ஐயா" என்றார் பில் போடும் பெண். திட்டியிருந்தார்.

படத்தில் அவர் முகம் பளிச்சென்று தெரிகிறது. அவர் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டதாம். உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஐயாவின் சம்மதத்தோடுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அன்று வரிசையில் நின்ற பலரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு அம்மா, "என் மாத்திரை நாளைக்கு வாங்கிக்கறேன், முதல்ல அவரைப் பாருங்க" என்று கிளம்பிப் போனார். ஒருவர் தன் மருந்துச் சீட்டை மடித்து அவருக்கு விசிறிக்கொண்டே நின்றார். அது எதுவும் படத்தில் இல்லை. இத்தனை வருடம் இந்தக் கடையை நம்பி வருகிற உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அன்று அவருக்காக வாசலோரம் போட்ட நாற்காலி இனி அங்கேயே இருக்கும். முடியாமல் வருகிற யாரும் உட்காரலாம், ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. "வாங்க, உட்காருங்க, என்ன செய்யுது?" என்று கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், எனக்கும் சேர்த்து.

அந்த இடத்தில் இருந்த எடை பார்க்கும் மெஷின் பின்பக்கம் போயிருக்கிறது. தேடாதீர்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்