அடுத்த இடமாற்றப் பட்டியலுக்கு முன்: கிராமச் சேகரங்களிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழகத் திருமண்டலங்களின் பேராயர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

குருக்களின் இடமாற்றப் பட்டியல் வெளியானதும் எல்லோரும் முதலில் தேடுவது, யார் கிராமத்துக்குப் போகிறார் என்பதைத்தான். நகரத்திலிருந்து கிராமச் சேகரத்துக்கு, அதாவது ஒரே குருவின் பொறுப்பிலுள்ள கிராம சபைகளின் தொகுதிக்கு, ஒரு குரு மாற்றப்பட்டால், "ஐயர் என்ன தப்பு பண்ணினார்?" என்று விசாரிக்கும் வழக்கம் நம் நடுவே வேரூன்றிவிட்டது. அனுப்பப்படுகிறவரும் பாதிப் பெட்டியைப் பிரிக்காமலே மூன்று வருடத்தைத் தள்ளுகிறார். அந்தச் சபைகளின் நிலையை யாரும் விசாரிப்பதில்லை.

எங்கள் வேண்டுகோள் இரண்டே. ஒவ்வொரு கிராம சபையிலும் அந்த ஊரிலேயே குடியிருக்கிற, பயிற்சி பெற்ற சபை ஊழியர் ஒருவர் வேண்டும். சேகர குருவை ஐந்து ஆண்டுகள் அதே இடத்தில் இருக்க விடவேண்டும்.

சேகரத்தில் எட்டுச் சபைகள், குரு ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு விடியற்காலையில் ஒரு ஆராதனை, ஒன்பதரைக்கு இன்னொன்று. அதற்கு மேல் திருவிருந்தை நிதானமாகப் பரிமாற உடம்பும் இடங்கொடாது, நேரமும் இடங்கொடாது. மாதத்துக்கு நான்கு ஞாயிறு, எட்டு ஆராதனை, ஆகவே ஒவ்வொரு சபைக்கும் மாதம் ஒருமுறை திருவிருந்து. காகிதத்தில் கணக்கு அழகாக உட்காருகிறது. ஆனால் ஒரு ஊரில் பிரதிஷ்டைப் பண்டிகை, ஒரு வாரம் திருமண்டலக் கூட்டம், ஒரு ஞாயிறு காலையில் ஒரு சாவு. இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் வரிசை குலைந்துவிடும். ஐந்தாம் ஞாயிறைத் தவிர ஈடுகட்ட நாளே கிடையாது. விட்டுப்போகிற ஊர் எது? சேகர மன்றச் செயலாளர் இருக்கிற தலைமைச் சபையை ஒருநாளும் விடமாட்டோம். கடைசியில் இருக்கிற, சாலை சரியில்லாத, காணிக்கை குறைவாக வருகிற ஊரைத்தான் விடுவோம். அடுத்த மாதமும் அதே ஊர் தவறினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அங்கே அப்பமும் ரசமும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, அது எந்த அறிக்கையிலும் வருவதில்லை. முதல் ஆராதனை முடிந்ததும் அங்கியைக்கூடக் கழற்றாமல் குரு வண்டியை எடுக்கிறார். அடுத்த ஊரில் மணி அடித்து ஆட்கள் காத்திருக்கிறார்கள். கோவில் வாசலில் நின்று பேசும் அந்தப் பத்து நிமிடம் போய்விடுகிறது. யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் வாக்குவாதம், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்தியது என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். பிரசங்கம் கேட்டுவிட்டார்கள், சரி. மேய்ப்பனிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

குருவின் இந்த ஓட்டத்தைத் தாங்கவேண்டியவர் சபை ஊழியர், பழைய பேச்சில் உபதேசியார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி இரேனியுஸ் தம் பணியை உபதேசியார்களை நம்பித்தான் கிராமங்களுக்குள் கொண்டுபோனார். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயரான அசரியா, ஊர் ஊராக ஆசிரியர்களை மனைவியோடு சேர்த்துப் பயிற்றுவித்துக் குடியமர்த்தினார். இன்று பல சேகரங்களில் ஓய்வுபெற்ற சபை ஊழியரின் இடம் நிரப்பப்படுவதே இல்லை. அல்லது மூன்று ஊருக்கு ஒருவர். சம்பளம் அந்தந்தச் சபையின் காணிக்கையிலிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் காணிக்கை வற்றும். அப்போது அவர் கூலி வேலைக்குப் போகிறார். வியாதியஸ்தரை விசாரிக்க மாலையில் யாரும் வருவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும். அவருடைய சம்பளத்தைத் திருமண்டலமே மாதாமாதம் நேராகக் கொடுக்கட்டும். சபைகள் தங்கள் பங்கை அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு ஒரே தொகையாகத் திருமண்டலத்துக்குக் கட்டட்டும். விவசாய ஊருக்கு ஏற்ற முறை அதுதான்.

அவருக்கு இறையியல் பட்டம் தேவையில்லை. மூன்று மாதம் தங்கிப் படிக்கும் பயிற்சி, அதன்பின் மாதம் இரண்டு நாள் சேகர குருவோடு அமர்ந்து வரும் ஞாயிறுகளின் பாடங்களைத் தயாரிப்பது, இவை போதும். ஓய்வுநாள் பள்ளி நடத்த, கீர்த்தனை சொல்லிக்கொடுக்க, கல்யாண ஓலையை (திருமண அறிவிப்பை) மூன்று ஞாயிறும் பிழையில்லாமல் வாசிக்க, பதிவேடு எழுதத் தெரியவேண்டும். விதவை உதவித்தொகை மனு எழுதவும், இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்று துக்க வீட்டாருக்கு நினைவூட்டவும் தெரிந்தால் இன்னும் நல்லது. பதிவைத் தவறவிட்ட குடும்பங்கள் பிறகு சான்றிதழுக்கு அலைவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பதிவேடு என்றதும் சொல்லவேண்டிய ஒரு துக்கம் உண்டு. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்கு அந்தத் தகுதி இல்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே ஞாயிறுதோறும் தவறாமல் கோவிலுக்கு வந்தும், பிள்ளையின் படிப்பையும் வேலையையும் நினைத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதக் கூசும் குடும்பங்கள் பல. பதிவேட்டில் இல்லாதவருக்குத் திருவிருந்து இல்லை, சேகர மன்றத் தேர்தலில் வாக்கு இல்லை, உங்கள் ஆண்டறிக்கையிலும் இடமில்லை. "சபை வளரவில்லையே" என்று குருவைக் கேட்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரையும் பதிவேட்டில் இருப்பவரையும் தனித்தனியாக எண்ணிவிட்டுக் கேளுங்கள்.

எதிர்த்திசையிலும் கணக்கு தவறுகிறது. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் அப்படியே நிற்கிறது. அந்த எண்ணிக்கையை வைத்து, சபை திருமண்டலத்துக்குக் கட்டவேண்டிய பங்கை நிர்ணயிக்கிறீர்கள். கட்டுகிறவர்கள் ஊரில் மிஞ்சிய முதியோர்.

அடக்க ஆராதனையைப் பற்றி நகரத்தில் இருப்போருக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். செபம் ஒரு மணி நேரம். அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை யாருடைய பட்டாவில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் கிளம்பும். பாட்டன் காலத்தில் வாய்ச்சொல்லாக விட்டுக்கொடுத்த வழியைப் பேரன் முள்வேலி போட்டு அடைத்திருப்பான். சடலத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வருவாய்த்துறை ஆவணத்தைத் தேடமுடியாது. சாவு விழாத நாளில் செய்யவேண்டிய வேலை அது: ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்துக்கும் சர்வே எண், புலப்பட வரைபடம், பட்டா நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து, ஒரு பிரதியைச் சேகரத்திலும் ஒரு பிரதியைத் திருமண்டலச் சொத்துப் பிரிவிலும் வைக்கவேண்டும். மூன்று வருடத்தில் மாறிப்போகிறவர் இதைத் தொடங்கவே மாட்டார். ஒரே கர்த்தரை ஆராதிக்கிறவர்களுக்குச் சில ஊர்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்கேற்ற சாதியில் குருவைத் தேடி அனுப்பிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சுவர் இடியாது.

சந்தோஷங்களைச் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார் 23ஆம் சங்கீதத்தையும் 121ஆம் சங்கீதத்தையும் முழுதாகச் சொல்வார்கள். கீர்த்தனையில் ஒரு சரணத்தைக் குரு விட்டுவிட்டால், விடாமல் அவர்களே எடுத்துப் பாடுவார்கள், குருதான் பின்னால் ஓடவேண்டும். திருவிருந்தில் முழங்காலிடும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் பாக்கியம், ஆயிரம் குடும்பம் உள்ள நகரச் சேகரத்தில் யாருக்குக் கிடைக்கும்? பிள்ளைக்குச் சுகமில்லை என்று இராத்திரியில் குருமனைக் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களே அல்லர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் விண்ணப்பம் குருமனைத் திண்ணையில்தான் நிரப்பப்படுகிறது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ஒரே ஞாயிறில் பீடத்துக்கு வருவதைப் பார்க்க, சில வேளைகளில் நான்கு வருடம் ஆகும்.

அந்த நான்கு வருடம் கிடைக்கவேண்டும் என்றுதான் ஐந்து ஆண்டு கேட்கிறோம். முதல் ஆண்டில் பெயர்களும் உறவுமுறைகளும் பிடிபடும். இரண்டாம் ஆண்டில் சபைக்குள் இருக்கும் கட்சிகள் எவை, எதனால் என்று விளங்கும். மூன்றாம் ஆண்டில்தான் ஜனங்கள் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். அப்போது லாரி வந்து நிற்கிறது.

குறுகிய கால மாற்றத்துக்கு உங்கள் தரப்பில் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரே இடத்தில் நிலைத்த குருவே ஒரு கட்சியின் தலைவராவதுண்டு. பொருந்தாத குருவிடம் ஐந்து வருடம் மாட்டிக்கொள்வது அந்த ஊருக்குத் தண்டனைதான். ஆகவே இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு மதிப்பாய்வு வையுங்கள். தலைமைச் சபையில் மட்டும் உட்கார்ந்து கேட்காமல் கடைசி ஊருக்கும் போய்க் கேளுங்கள். பெண்கள் ஐக்கியத்தைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பட்டியலை மார்ச் முடிவதற்குள் வெளியிடுங்கள். மே கடைசியில் உத்தரவு வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. குடும்பம் நகரத்திலேயே தங்கிவிடும், குரு தனியாளாகக் கிராமத்தில் சமைத்துச் சாப்பிடுவார், வெள்ளிக்கிழமையானால் பேருந்து ஏறுவார். பழையவரும் புதியவரும் ஒரு வாரம் சேகரத்தில் ஒன்றாக இருக்கும்படி உத்தரவிலேயே எழுதுங்கள். கையளிக்கவேண்டியவை: ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள், ரசீதுப் புத்தக அடிக்கட்டைகள், நில ஆவணங்கள், படுக்கையில் இருப்போரின் பட்டியல் வீட்டு அடையாளத்தோடு, ஓலை வாசித்து முடியாத கல்யாணங்கள், திடப்படுத்தல் வகுப்பில் (முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பில்) பாதிவரை வந்த பிள்ளைகளின் பெயர்கள். கையளிப்புத் தாளில் இரு குருக்களோடு ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒரு மூப்பர் கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
கிராமச் சேகரங்களில் பணியாற்றும் குருக்களும் சபை ஊழியர்களும்