அம்மாவிடம் உண்மையைச் சொல், தம்பி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ இங்கிலாந்தின் கார்ன்வாலில் உயிர்காப்புப் படகுக் குழுவில் சேர்ந்த செய்தி பட்டர்வொர்த்துக்கு வந்ததிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. "அதில் ஒரு ஆபத்தும் இல்லம்மா" என்று நீ போனில் சொன்னது அவள் பயத்தைக் கூட்டித்தான் விட்டது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் கடலில் ஆபத்தில்லை என்றால் எப்படி நம்புவாள்? 2004 சுனாமியில் பினாங்கில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். அப்புறம் பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போனால்கூட அவள் தண்ணீரில் கால் வைப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலரும் வீட்டில் இப்படித்தான் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நான் உன் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"சம்பளமே இல்லையாமே, இவனுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்விதான். இங்கே மலேசியாவில் 999-க்கு அழைத்தால் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் படகு வரும். அதில் வருபவர்கள் அரசு ஊழியர்கள். அங்கேயும் 999-தான், அழைப்பும் கடலோரக் காவல் படைக்குத்தான் போகிறது. ஆனால் பல இடங்களில் மீட்கக் கிளம்புவது ஆர்.என்.எல்.ஐ படகு. 1824-இல் தொடங்கி இன்றும் பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையில் நடக்கும் அறநிறுவனம் அது. பேஜர் அடித்ததும் தச்சர், ஆசிரியர், கடைக்காரர் எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பத்தில் ஒருவர்தான் கடல் தொழில் தெரிந்தவராம். நர்ஸ் வேலை பார்க்கும் நீ அதில் இருப்பது அதிசயமில்லை என்று அவளிடம் சொன்னேன்.

நான் சொல்லாமல் விட்டது கார்ன்வாலிலேயே இருக்கும் பென்லீ படகு நிலையத்தின் கதையை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

1981 டிசம்பர் 19. யூனியன் ஸ்டார் என்ற கப்பல் இன்ஜின் நின்றுபோய்ப் புயலில் பாறைகளை நோக்கி அடித்துப் போகிறது. ஹெலிகாப்டரால் ஒருவரையும் தூக்க முடியவில்லை. மவுசல் கிராமத்து ஆட்கள் எட்டுப் பேர் சாலமன் பிரவுன் என்ற மரப்படகில் கிளம்புகிறார்கள். நீல் பிராக்மன் என்ற 17 வயதுப் பையனும் ஓடி வருகிறான். அவன் அப்பா ஏற்கெனவே வந்துவிட்டார். படகுத் தலைவர் டிரெவெலியன் ரிச்சர்ட்ஸ் பையனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். இந்த மாதிரி ராத்திரியில் ஒரு வீட்டிலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம் என்பது அவர் முடிவு. கப்பலிலிருந்து நான்கு பேரை எடுத்துவிட்டோம் என்று வானொலியில் அவர்கள் குரல் வந்தது. அத்தோடு சரி. கப்பலில் இருந்த எட்டுப் பேர், படகில் போன எட்டுப் பேர், ஒருவரும் திரும்பவில்லை. ஒரு நாளுக்குள் அதே கிராமத்தில் புதுக் குழுவுக்கு ஆட்கள் முன்வந்தார்கள். அந்தப் பையன் பிற்காலத்தில் பென்லீ படகுக்கே தலைவரானான்.

இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தலைவர்மேல்தான் மரியாதை கூடியது. உயிரைப் பணயம் வைக்கப் போகிற நேரத்திலும் வீட்டில் காத்திருக்கும் ஒரு தாயை நினைத்துப் பார்த்திருக்கிறார். உன் அம்மாவையும் அப்படி யாராவது நினைப்பார்களா என்பதுதான் அக்காவின் பயம். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

பூல் நகரத்து ஆர்.என்.எல்.ஐ கல்லூரியில் குளத்தில் அலை எழுப்பி, படகைக் கவிழ்த்து, வெளியே வரப் பழக்குகிறார்களாமே, அதைச் சொல். பெரிய படகுகள் கவிழ்ந்தாலும் சில வினாடிகளில் தானாக நிமிர்ந்துவிடும் என்பதைச் சொல். அனுபவமில்லாதவனை மோசமான கடலுக்கு அழைத்துப் போவார்களா, மாட்டார்களா என்று உன் தலைவரிடமே கேட்டு வந்து சொல்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அக்கா அழுதால் பேச்சை மாற்றாதே, அழட்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன். அப்புறம் ஒன்று: பேஜர் அடித்துப் போன இரவுகளில் கரை திரும்பியதும் அவளுக்கு ஒரு செய்தி போட்டுவிடு. இங்கே மணி என்ன என்றெல்லாம் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
உன் மாமா
பட்டர்வொர்த்