பெயரில்லாத போத்தலை யார் கையிலும் கொடுக்காதீர்கள்

பினாங்கின் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக் குழுவினருக்கும், புதிதாகப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன வருடம் ஒரு நைட் ஷிப்ட். எங்கள் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கழிவறைத் தரையில் பிளீச் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மினரல் வாட்டர் போத்தல், பாதிவரை நீல நிறத் தண்ணீர். சோப்புத் தண்ணி என்று நினைத்து அதையும் ஊற்றினார். அது ஆசிட் கிளீனர். பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இருமிக்கொண்டே வெளியே வந்தவர் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "சோப்புன்னுதான் தம்பி நெனச்சேன்" என்பதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு போதவில்லை.

ஸ்டோரில் இருந்த பெரிய கேனில் குறையே இல்லை. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு இரசாயன லேபல் விதிகள் கேட்கிறபடி சிவப்புக் கரையிட்ட சாய்சதுரச் சின்னம், மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை, எல்லாம் இருந்தன. போத்தலில்தான் ஒன்றுமில்லை. முதலுதவிக்கு என்ன செய்வது என்று எஸ்டிஎஸ் தாளை, அதாவது இரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடினோம். அதன் 16 பகுதிகளில் 4ஆவது முதலுதவிதான். ஆனால் ஃபைல் ஆபீஸ் அலமாரியில், சாவி பகல் ஷிப்ட்காரரிடம்.

சின்னங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீங்கு, எரிச்சல் என்று எச்சரிக்க ஆரஞ்சுக் கட்டத்தில் போட்ட கறுப்புப் பெருக்கல் குறியைப் பார்த்துப் பழகிய மூத்தவர்கள் எங்களிடம் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குறி போய் ஆச்சரியக்குறி வந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்ததுபோல் ஒரு படம் உண்டே, அது புற்றுநோய், உள்ளுறுப்புப் பாதிப்பு போன்றவற்றுக்கானது. பல நேரம் உடனே வலிக்காது, வருடங்கள் கழித்துத்தான் தெரியும். அதை "நெஞ்சுவலிக்காரருக்கு ஆகாது" என்று புரிந்துவைத்திருந்தார் ஒரு பெரியவர். கையுறை இல்லாமல் அதே திரவத்தில் துணியை நனைத்துத்தான் மெஷினைத் துடைத்துவந்தார்.

2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தப்படி, 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்திலும் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். உயிர் போகும் அல்லது உடலில் கடுமையான காயம் ஏற்படும் உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகவும் உரிமை உண்டு. நல்ல உரிமை. ஆனால் போத்தலில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் எதைக் கண்டு விலகுவார்?

லேபல் இரண்டு மொழியில் இருக்கட்டும், விளக்கம் தமிழிலும் வேண்டும். ஸ்லைடு போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்குவது போதாது. ஷிப்ட் தொடங்கும் முன் 10 நிமிடம் ஸ்டோர் வாசலில் நின்று, கேனைக் கையில் எடுத்து, எது எதோடு சேரக்கூடாது என்று சொல்லுங்கள். காண்ட்ராக்ட் துப்புரவாளர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். அவர்களைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். எஸ்டிஎஸ் ஃபைல் இரவிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அந்த அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போது ஒவ்வொரு போத்தலையும் எடுத்துவந்து, "இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு தம்பி" என்கிறார். என் ஷிப்ட் மாறுகிற வாரங்களில் அவருக்குப் படித்துச் சொல்ல ஓர் ஆளை நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு தொழிலாளி