கை வலிக்கு மவுஸ் வாங்குமுன்

நகரி,
ஞாயிறு மாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

இரவில் விரல்கள் மரத்துப்போய் விழித்துக்கொள்வதாகவும், கையை உதறினால்தான் உணர்வு திரும்புவதாகவும் நீ போனில் சொன்னது முதல் வீட்டில் இதே பேச்சுத்தான். அடுத்த முறை நீ வரும்போது புத்தூருக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுவிட வேண்டும் என்கிறாள் உன் அத்தை. புத்தூர் கட்டு எலும்பு முறிந்தவர்களுக்கு அம்மா, இவளுக்கு எதற்கு என்று கேட்டேன், கோபித்துக்கொண்டாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, சுண்டுவிரல் மட்டும் சரியாக இருக்கிறது என்றால், மணிக்கட்டின் உள்பக்கத்துக் குறுகிய வழியில் 9 தசைநாண்களோடு நெருக்கியடித்துப் போகும் ஒரு நரம்பு அழுந்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் முதலில் மருத்துவரிடம் காட்டு. மவுஸ் வாங்குவது அதற்குப் பிறகு.

எதை வாங்குவது என்று கேட்டாய். தமிழிலும் தெலுங்கிலுமாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தே வலது கையைக் கெடுத்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்லுகிறேன். நான் முதலில் வாங்கியது கட்டைவிரலால் பந்தை உருட்டும் டிராக்பால். கை ஓரிடத்தில் அசையாமல் இருந்ததால் மணிக்கட்டு வலி இரண்டு வாரத்தில் தணிந்தது. ஆனால் வைகாசி முகூர்த்த வேலை முடிவதற்குள் கட்டைவிரலின் அடியில் புது வலி வந்து, காப்பி டம்ளரை இடது கையால் தூக்க வேண்டியதாயிற்று. அதுவரை விரல்களும் முன்கையும் பகிர்ந்துகொண்ட வேலை முழுவதையும் ஒரு கட்டைவிரலின் தலையில் கட்டியிருந்தேன். நீயோ நாள் முழுவதும் கட்டைவிரலாலேயே போனைத் தள்ளுகிறவள். உனக்கு அந்த வகை வேண்டாம்.

நிமிர்ந்து நிற்கும் மவுஸை உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். அதில் நியாயம் இருக்கிறது. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகத் திரும்புகின்றன. கைகுலுக்க நீட்டுவது போல் வைத்தால் அந்த முறுக்குக் குறைகிறது. லாஜிடெக்கின் எம்எக்ஸ் வெர்டிகல் 57 பாகை சாய்ந்திருக்கும், ஆனால் உன் கைக்குப் பெரிது. அதே நிறுவனம் சிறிய கைகளுக்கென்று கொண்டுவந்த ‘லிஃப்ட்’ என்ற மவுஸ் பொருந்தலாம். ஒரு குறை உண்டு. பொத்தான் பக்கவாட்டில் இருப்பதால், அழுத்தும்போது மவுஸே சற்று நகர்ந்துவிடும். பத்திரிகையில் பிள்ளையார் படத்தை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கட்டட வரைபடத்தில் கோட்டின் முனையைப் பிடிக்கும் உனக்கு, பழகும்வரை எரிச்சலாக இருக்கும்.

இப்போது நான் பயன்படுத்துவது கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ். பெயர்தான் மவுஸ், நடுவில் 55 மில்லிமீட்டர் பந்து, அதைச் சுற்றி, மவுஸின் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு வளையம். பந்தை இரண்டு மூன்று விரல்களால் உருட்டலாம், இடது கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். (டிராக்பால் மவுஸுக்கு மூத்தது, தெரியுமா? 1952-இல் கனடா கடற்படைக்காகச் செய்தபோது பவுலிங் பந்தையே வைத்துச் செய்தார்களாம்.) ஆனால் வரைபடம் போடும் ஆட்டோகேடில் நீ சக்கரத்தை அழுத்திப் பிடித்துத்தான் படத்தை நகர்த்துகிறாய், இதன் வளையம் சுழலுமே தவிர அழுந்தாது. நான்கு பொத்தான்களில் ஒன்றை அந்த வேலைக்கு மென்பொருளில் ஒதுக்கிக்கொள். இதன் தம்பியான ஆர்பிட்டில் இரண்டே பொத்தான்கள் என்பதால், விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதே.

எதை வாங்கினாலும் உன் கீபோர்டின் வலப்பக்க எண்பலகை கையை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அது இல்லாத கீபோர்டாக மாற்று. மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தாத உயரத்தில் நாற்காலியை வை.

புதிதாக எதையும் வாங்கும் முன் என்னுடையதை ஒரு மாதம் வைத்துப் பார். நாளை பார்சலில் போடுகிறேன். கவிழ்த்தால் பந்து கழன்று விழுந்துவிடும் என்பதால், அதை மட்டும் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். பந்து உட்காரும் குழியில் மூன்று சிறு புள்ளிகள் தெரியும். நம் தெருவின் விசைத்தறிப் பஞ்சு அங்கேதான் சேர்ந்து பந்தை இழுக்கும். நான் துடைத்துத்தான் அனுப்புகிறேன். இருந்தாலும் பந்தை வைக்கும் முன் நீயும் ஒரு முறை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா